பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?

சரிதா: யாருங்க அது? வண்டிகிட்டேருந்து தள்ளி நில்லுங்க... தள்ளுங்க முதல்ல.

புஷ்பமேரி: நான் ஒண்ணும் பண்ணலம்மா. பை லேசாப் பட்டுச்சு. அதுக்குப் போயி இந்தக் கத்து கத்துது.

சரிதா: இருங்க, சாவிய அமுக்கறேன்... ம். நின்னுடுச்சு.

புஷ்பமேரி: மூலக்குளம் பூரா எட்டிப் பாக்குது. கரெண்ட் காருக்கு சத்தமே கெடையாதுன்னு சொன்னாங்க.

சரிதா: ஓடறப்பதான் கெடையாது. நீங்க யாரு? சீக்கிரம் சொல்லுங்க, நான் உள்ள போகணும்.

புஷ்பமேரி: எம் பேரு புஷ்பமேரி. மிஷன் வீதில சர்வே கம்பெனி. இந்தாங்க கார்டு. போட்டோ பத்து வருஷத்துக்கு முந்தி எடுத்தது, மொகத்தப் பாத்து சந்தேகப்படாதீங்க. உங்க பேரு சரிதா தானே?

சரிதா: ...ஆமா.

புஷ்பமேரி: போன செவ்வாக்கெழமை எங்க பொண்ணு ஒண்ணு உங்ககிட்ட வந்துட்டுப் போயிருக்கு. செந்தமிழ்ச்செல்வின்னு பேரு. கரெண்ட் காரு எப்படி, வீட்ல வெக்கற பேசற ஸ்பீக்கரு எப்படின்னு உங்க அபிப்பிராயத்த எழுதிக்கிட்டுப் போச்சு. அது நெஜமாவே வந்துச்சா, இல்ல வீட்ல உக்காந்து தானே எழுதிக் குடுத்துடுச்சான்னு பாக்கறது என் வேலை. அஞ்சே நிமிஷம்.

சரிதா: யாரும் வரலைங்க.

புஷ்பமேரி: நல்லா யோசிச்சு...

சரிதா: யோசிக்க ஒண்ணுமில்ல. யாரும் வரல. கெளம்புங்க.

புஷ்பமேரி: அப்போ செல்வி பொய் ஃபார்ம் எழுதியிருக்கா. அப்படித்தானே?

சரிதா: எனக்கு எப்படித் தெரியும்... மெல்லப் பேசுங்க. எதிர் வீட்டு மாடில எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா உக்காந்திருக்காரு.

புஷ்பமேரி: பேப்பர் படிக்கறவரா? ரொம்ப நேரமா ஒரே பக்கத்தையே படிக்கறாரு.

சரிதா: பாக்காதீங்க அந்தப் பக்கம். வாசல்ல நிக்கக் கூடாது... சரி, உள்ள வாங்க. தண்ணி குடிச்சுட்டுப் போயிடுங்க.

புஷ்பமேரி: செருப்ப எங்க விடறது?

சரிதா: எங்கயாச்சும் விடுங்க. அக்கா, ஒண்ணு சொல்றேன். அலாரம் அடிச்சதும் அவரு போனுக்குத் தகவல் போயிருக்கும். இப்போ வந்துடுவாரு.

புஷ்பமேரி: எங்க இருக்காரு?

சரிதா: சென்னைக்குப் போயிட்டிருக்காரு. கம்பெனி மீட்டிங்கு. மாசம் ஒருக்கா போவாரு.

புஷ்பமேரி: சென்னைக்குப் போறவரு இப்போ எப்படி வருவாரு?

சரிதா: அதுல.

புஷ்பமேரி: எதுல... ஓ. டிவி பக்கத்துல பவுடர் டப்பா மாதிரி இருக்கே, அதுவா?

சரிதா: அதுதான். போன்ல அமுக்கினா இதுல பேசுவாரு. நாம எடுக்கணும்னு இல்ல. அவரு பேசாம சும்மா கேட்டுக்கிட்டும் இருக்கலாம்.

புஷ்பமேரி: கேட்டா லைட்டு எரியும்னு சொல்வாங்களே.

சரிதா: லைட்டு மேல கறுப்பு டேப் ஒட்டிட்டாரு. கண்ண உறுத்துதாம்.

புஷ்பமேரி: ...யாரு கண்ண?

சரிதா: அதனாலதான் சொல்றேன். தண்ணி குடிச்சீங்கல்ல. போயிடுங்க.

புஷ்பமேரி: போறேன்மா. ஆனா நான் எதையாச்சும் எழுதிட்டுத்தான் போகணும். இந்த வீட்டு ஃபார்ம் பொய்னு எழுதினா செல்வி எடுத்த அறுபது ஃபார்மும் குப்பைக்குப் போயிடும். அவளும் வீட்டுக்குப் போயிடுவா. பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம், மூணு மாசமாத்தான் வேலைக்கு வர்றா. 'சத்தியமா அந்தக்கா சொன்னதுதான் மேடம், வந்து கேட்டுப் பாருங்க'ன்னு ஒரே அழுகை. பின்னாடி சந்துல ஸ்கூட்டர நிறுத்திட்டு உக்காந்திருக்கா. நீங்க இல்லன்னு சொன்னா அங்கேயே கார்ட வாங்கிட்டு அனுப்பிடுவேன்.

சரிதா: ...இங்க கூட்டிட்டே வந்துட்டீங்களா?

புஷ்பமேரி: மொகத்தப் பாத்தா ஞாபகம் வரும்னுதான். கூப்பிடட்டுமா?

சரிதா: வேண்டாம். கூப்பிடாதீங்க.

புஷ்பமேரி: அப்போ ஒரு வழி இருக்கு. நீங்க சொன்னதா எழுதியிருக்கற பதில நான் படிச்சுக் காட்டணும். ஆமா இல்லன்னு நீங்க சொன்னாப் போதும்.

சரிதா: படிக்காதீங்க. குடுங்க, நான் மனசுக்குள்ள படிச்சுக்கறேன்.

புஷ்பமேரி: கையில குடுக்கக் கூடாதும்மா, ரூல். வாய்விட்டுப் படிக்கணும். கேள்வி ஒம்பது. உங்க கார்ல புடிக்காதது என்ன? பதில்... 'எங்க போனாலும் அவரு போன்ல காட்டிக் குடுத்துடும். பெரிய மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டு அம்மாவப் பாக்கப் போனேன். வீட்டுக்கு வந்ததும் எத்தனை கிலோமீட்டர்னு...'

சரிதா: நிறுத்துங்க.

புஷ்பமேரி: நீங்க சொன்னதா, இல்லையா?

சரிதா: நான் சொல்லல.

புஷ்பமேரி: கேள்வி பதினாறு. ஸ்பீக்கர் வந்த பிறகு வீட்ல என்ன மாற்றம்? பதில்... 'கரெண்ட் கட்டானாத்தான் நான் எங்கம்மாகிட்ட...'

இளம்பரிதி: சரிதா.

சரிதா: ...என்னங்க.

இளம்பரிதி: எங்க இருக்க?

சரிதா: ஹால்லதாங்க. பிள்ளைச்சாவடி தாண்டிட்டீங்களா?

இளம்பரிதி: இப்பத்தான் தாண்டறோம். காரு ஏன் கத்துச்சு?

சரிதா: பூனைங்க. பானெட்டு மேல குதிச்சுடுச்சு.

இளம்பரிதி: பூனையா. கறுப்புப் பை மாட்டிக்கிட்டு, செருப்பு போட்டுக்கிட்டு, கேட்டத் தெறந்துக்கிட்டு உள்ள வந்துச்சாமே. சித்தப்பா இப்பத்தான் போன் பண்ணினாரு.

சரிதா: அது வந்துங்க...

இளம்பரிதி: உன்னத் திட்டலம்மா. ஏன் பொய் சொல்றன்னுதான் கேக்கறேன். யாரு அது?

புஷ்பமேரி: வணக்கம் சார். அந்தப் பூனை நான்தான். எம் பேரு புஷ்பமேரி. சர்வே கம்பெனிலேருந்து வர்றேன். கரெண்ட் காரும் ஸ்மார்ட் ஸ்பீக்கரும் வெச்சிருக்கறவங்ககிட்ட அபிப்பிராயம் கேக்கறோம்.

இளம்பரிதி: ஓ. வணக்கம் மேடம். ஆம்பளைங்க இல்லாத நேரத்துல வந்து கேக்கறதுதான் உங்க சர்வேயா?

புஷ்பமேரி: தப்புதான் சார். அதுக்குத்தான் வந்திருக்கேன். போன செவ்வாக்கெழமை எங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வந்துச்சு...

இளம்பரிதி: செவ்வாக்கெழமையா? எனக்குத் தெரியாதே. சரிதா, எனக்கு ஏன் தெரியாது?

சரிதா: அது... மறந்துட்டேங்க.

இளம்பரிதி: செவ்வாக்கெழமை நம்ம ஏரியால ஒம்பதுலேருந்து ரெண்டு வரைக்கும் கரெண்ட் கட்டு. நான் எத்தனை தடவ ட்ரை பண்ணினேன், ஸ்பீக்கர் கெடைக்கல. அந்த நேரத்துல ஒருத்தி வந்து உக்காந்து பேசியிருக்கா. நீ மறந்துட்ட.

சரிதா: ரெண்டு நிமிஷந்தாங்க...

இளம்பரிதி: ரெண்டு நிமிஷத்துல என்ன பேசின? மேடம், கையில பேப்பர் வெச்சிருக்கீங்கல்ல. நான் வர்றப்போ ஏதோ படிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க. படிங்க, நானும் கேக்கறேன்.

புஷ்பமேரி: படிக்கறதுக்கென்ன சார். வரிசையாப் படிக்கட்டுமா?

இளம்பரிதி: ம். வரிசையா.

புஷ்பமேரி: கேள்வி ஒண்ணு. என்ன காரு? 'எனக்குப் பேரு சரியாத் தெரியாது, அவரக் கேளுங்க.' கேள்வி ரெண்டு. ஒரு தடவ சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடுது? 'தெரியாது, அவரக் கேளுங்க.' மூணு. எதுக்காக இந்தக் காரு வாங்கினீங்க? 'அவருதான் வாங்கினாரு, அவரக் கேளுங்க.' நாலு...

இளம்பரிதி: போதும் போதும். எல்லாமே அதுதானா?

புஷ்பமேரி: பக்கம் பக்கமா அதான் சார். முப்பத்தி மூணு கேள்வில முப்பத்தி ரெண்டுக்கு 'அவரக் கேளுங்க'. ஆபீஸ்ல என்னக் கூப்பிட்டு சத்தம் போட்டாங்க. இது சர்வேயா, இல்ல வெளையாட்டான்னு. அதான் உங்களப் புடிக்கலாம்னு நேர்ல வந்தேன். வந்தா நீங்க ஊர்லயே இல்ல.

இளம்பரிதி: சரிதா, அப்படியா சொன்ன?

சரிதா: ...ஆமாங்க. எனக்கு என்ன தெரியும்.

இளம்பரிதி: பைத்தியம். அத சொல்றதுக்கு என்ன பயம்? மேடம், அவளுக்குக் காருன்னா நாலு சக்கரம். அவ்வளவுதான். அந்த ஒரே ஒரு கேள்விக்கு என்ன சொன்னா?

புஷ்பமேரி: அது முப்பத்தி மூணாவது சார். கடைசில வரும். முதல்ல உங்க பதில வாங்கிக்கறேன், அப்புறம் ரெண்டு பேரு பதிலையும் சேத்து வெச்சுப் படிச்சுக் காட்டுவோம். அதான் முறை. உங்களுக்கு நேரம் இருக்குமா?

இளம்பரிதி: வேன்ல சும்மாத்தான் உக்காந்திருக்கேன். எவ்வளவு நேரம் ஆகும்?

புஷ்பமேரி: அது நீங்க சொல்றதப் பொறுத்து சார். சில பேரு பத்து நிமிஷத்துல முடிச்சுடுவாங்க. விஷயம் தெரிஞ்சவங்ககிட்டதான் நேரம் ஆகும்.

இளம்பரிதி: ஆகட்டும், ஆகட்டும். கேளுங்க.

புஷ்பமேரி: ஒரு நிமிஷம் சார். ஏற்கெனவே ஒருத்தரு பதில் சொன்ன வீட்ல ஆள மாத்தினா அவங்ககிட்ட சம்மதம் வாங்கணும். அம்மா, ரெண்டு வரி எழுதறேன். படிச்சுட்டு, சம்மதம்னா மட்டும் கையெழுத்து போடுங்க... இந்தாங்க. நிதானமாப் படிங்க.

சரிதா: ...இது... இப்பவே போடணுமா?

புஷ்பமேரி: இன்னைக்கே போட்டாத்தாம்மா. மறுபடி நான் வர முடியுமோ என்னமோ.

சரிதா: அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?

புஷ்பமேரி: ஒண்ணும் ஆகாது. அது என் பொறுப்பு.

இளம்பரிதி: என்ன அங்க குசுகுசுன்னு? எந்தப் பொண்ணு?

புஷ்பமேரி: ஃபார்ம் எழுதின பொண்ணுதான் சார். வேலை போயிடுமோன்னு கேக்கறாங்க. உங்க வீட்டம்மாவுக்கு எளகின மனசு.

இளம்பரிதி: ஊருக்கெல்லாம் எளகும். போட்டுக் குடு சரிதா. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம்?

சரிதா: ...போட்டுட்டேங்க.

புஷ்பமேரி: சரி சார், ஆரம்பிக்கலாம். உங்க முழுப் பேரு?

இளம்பரிதி: இளம்பரிதி. வயசு முப்பத்தொம்பது. ஸ்டோர்ஸ் மேனேஜர்.

சரிதா: என்னங்க... நான் போயி மோட்டார் போட்டுட்டு வர்றேன். டேங்க்ல தண்ணி இல்ல.

இளம்பரிதி: காலையிலயே போட்டிருக்கலாம்ல. சரி போ. போன எடுத்துட்டுப் போ.

சரிதா: சார்ஜ் இல்லைங்க. ஹால்லயே போட்டு வெச்சிருக்கேன்.

இளம்பரிதி: சீக்கிரம் வா.

சரிதா: ...வர்றேங்க.

புஷ்பமேரி: சொல்லுங்க சார். எதுக்காகக் கரெண்ட் காரு வாங்கினீங்க? பெட்ரோல் செலவா, சுற்றுச்சூழலா, இல்ல பக்கத்து வீட்டுக்காரரு வாங்கினாருன்னா?

இளம்பரிதி: எங்க தெருவுல நான்தான் முதல்ல. எனக்கப்புறம் மூணு பேரு வாங்கினாங்க, எல்லாரும் என்னக் கேட்டுட்டுத்தான். பெட்ரோல்னு எழுதிக்குங்க. ஆனா உண்மையான காரணம் அந்த ஆப் தான்.

புஷ்பமேரி: ஆப்புன்னா?

இளம்பரிதி: போன்ல வரும். காரு இப்போ எங்க இருக்கு, எத்தனை பர்சென்ட் சார்ஜ், கதவு பூட்டியிருக்கா, யாராச்சும் கிட்ட வந்தாங்களா... எல்லாம். இப்போ நீங்க வந்தீங்கல்ல, பத்து நாப்பத்தொண்ணுக்கு எனக்குத் தெரிஞ்சிடுச்சு.

புஷ்பமேரி: கில்லாடிதான் சார். ஓடற தூரம்?

இளம்பரிதி: கம்பெனி சொல்றது நானூறு. ஏசி போட்டு ஓட்டினா முந்நூறு தேறும். கடற்காத்துக்கு சார்ஜ் போடற முனைல உப்புப் படியுது, மாசம் ஒரு தடவ தொடைக்கணும். இதெல்லாம் எவனும் சொல்ல மாட்டான், எழுதிக்குங்க.

புஷ்பமேரி: எழுதறேன், மெதுவா சொல்லுங்க... உப்புப் படியுது. இவ்வளவு நல்ல கார விட்டுட்டு வேன்ல போறீங்களே சார்.

இளம்பரிதி: ஈ.சி.ஆர். ரோட்டுல சார்ஜ் போடற எடத்துல எப்பவும் நாலு வண்டி நிக்குது. அதுவுமில்லாம... வண்டி வீட்ல நின்னா ஒரு காவல் மாதிரி.

புஷ்பமேரி: யாருக்கு சார் காவல்?

இளம்பரிதி: வீட்டுக்குத்தான். சரிதா தனியா இருக்காளே. மோட்டார் சத்தம் கேக்குது, போட்டுட்டா போல. சரிதா?

புஷ்பமேரி: பின்னாடி துணி காயுது சார், எடுத்துட்டு இருப்பாங்க. கூப்பிடட்டுமா, இல்ல அடுத்த கேள்விக்குப் போகலாமா? இது கொஞ்சம் டெக்னிக்கல். பேட்டரி ஆயுசு பத்தி.

இளம்பரிதி: பேட்டரியா. அதுல ஜனங்களுக்கு நெறைய தப்பான நெனப்பு இருக்கு மேடம். எட்டு வருஷம் வாரண்டி. ஆனா எண்பது பர்சென்ட்டுக்கு மேல சார்ஜ் போடக் கூடாது, இருபதுக்குக் கீழ எறங்க விடக் கூடாது. நான் ஒரு நோட்டே போட்டு வெச்சிருக்கேன்... ஹலோ... மேடம்...

புஷ்பமேரி: சார்? சத்தம் விட்டு விட்டு வருது சார்.

இளம்பரிதி: ...சிக்னல்... மரக்காணம் வரைக்கும்... ஹலோ...

புஷ்பமேரி: கேக்கல சார். ஹலோ... சார்?

இளம்பரிதி: ...

புஷ்பமேரி: யேசுவே.

இளம்பரிதி: ...ஹலோ. மேடம், இருக்கீங்களா?

புஷ்பமேரி: இருக்கேன் சார். அதே நாற்காலில. கால் மணி நேரமாச்சு, விட்டுட்டுப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்.

இளம்பரிதி: இந்த உப்பளம் பக்கம் எப்பவுமே இப்படித்தான். மரக்காணம் தாண்டியாச்சு. எங்க விட்டோம்?

புஷ்பமேரி: பேட்டரில சார். அது எழுதிக்கிட்டேன். இப்போ ஸ்பீக்கருக்கு வந்துடலாமா? கேள்வி பத்தொம்பது.

இளம்பரிதி: போலீஸ் மாதிரி நம்பர் போட்டுக் கேக்கறீங்களே. எத்தனை வருஷமா இந்த வேலை?

புஷ்பமேரி: இருபத்தி ரெண்டு வருஷம் சார். சோப்பு, ஷாம்பு, மிக்ஸி, குக்கருன்னு எல்லாம் கேட்டாச்சு. பேசற பொருளப் பத்தி இப்பத்தான் கேக்கறேன். ஸ்பீக்கர எதுக்கு அதிகமாப் பயன்படுத்தறீங்க? பாட்டு, செய்தி, லைட்டு போடறது...

இளம்பரிதி: பாட்டெல்லாம் சரிதாவுக்கு. தமிழ்ல சொன்னா பாதி புரியாது அதுக்கு. 'முருகன் பாட்டு'ன்னு கேட்டா வேற என்னமோ போடும். நான் அதுக்காக வாங்கல. ஆபீஸ்லேருந்தே வீட்ட கவனிச்சுக்கலாம் பாருங்க, அதுக்கு.

புஷ்பமேரி: ஒரு உதாரணம் சொன்னா எழுதிக்குவேன்.

இளம்பரிதி: ஒரு நாள் குக்கர் அஞ்சு விசில் அடிச்சுடுச்சு. நான் சேதராப்பட்டு ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு 'சரிதா, மூணுக்கே நிறுத்தணும்'னேன். நடுங்கிட்டா.

புஷ்பமேரி: நடுங்கிட்டாங்க... எழுதிக்கட்டுமா சார்?

இளம்பரிதி: தமாஷுக்கு சொல்றேன் மேடம். அத எழுதாதீங்க. 'பாதுகாப்பு'ன்னு எழுதுங்க.

புஷ்பமேரி: பாதுகாப்பு. அவங்க அத அணைச்சு வெக்கற வழக்கம் உண்டா?

இளம்பரிதி: எதுக்கு அணைக்கணும்? மறைக்கறதுக்கு என்ன இருக்கு? புருஷன் பொண்டாட்டிக்குள்ள. ஆரம்பத்துல ஒரு தடவ ஒயர புடுங்கிட்டா. நான் ஒண்ணும் கத்தல. ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் அவளே மாட்டிட்டா. ஆமா மேடம், மோட்டார் இன்னும் ஓடுதா?

புஷ்பமேரி: எது சார்?

இளம்பரிதி: மோட்டார். லைன் கட்டாகறதுக்கு முந்தி கேட்ட அதே சத்தம். அது ஆயிரம் லிட்டர் டேங்கு, இருபது நிமிஷத்துல ரொம்பிடும்.

புஷ்பமேரி: நடுவுல நிறுத்திட்டு மறுபடி போட்டிருப்பாங்க சார். ரெண்டே கேள்விதான். இந்தக் கார நீங்க நண்பர்களுக்கு சிபாரிசு பண்ணுவீங்களா? பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?

இளம்பரிதி: ஒம்பது. ஸ்பீக்கருக்குப் பத்து. எங்க சித்தப்பாவ வாங்க வெச்சதே நான்தான்... தண்ணி வழியற சத்தம் கேக்குது.

புஷ்பமேரி: மழையா இருக்கும் சார்.

இளம்பரிதி: மழையா? வானம் வெட்ட வெளிச்சமா இருக்கு. சரிதா. சரிதா, மோட்டார நிறுத்து.

புஷ்பமேரி: ஸ்பீக்கருக்குப் பத்து. எழுதிட்டேன். சத்தமா சொல்லாதீங்க சார், காதுல குத்துது.

இளம்பரிதி: சரிதா... மேடம், அவளக் கூப்பிடுங்க.

புஷ்பமேரி: நீங்க எங்க சார் இருக்கீங்க இப்போ?

இளம்பரிதி: கல்பாக்கம் வரப் போகுது. அது எதுக்கு உங்களுக்கு? அவளக் கூப்பிடுங்கன்னு சொல்றேன்.

புஷ்பமேரி: கல்பாக்கம். அப்போ திரும்பி வர ஒண்ணரை மணி நேரமாவது ஆகும். நல்லது சார்.

இளம்பரிதி: என்ன நல்லது? ஏய், யாரும்மா நீ? எந்தக் கம்பெனி?

புஷ்பமேரி: மிஷன் வீதி கம்பெனிதான் சார், பொய்யில்ல. கார்டு நம்பர் வேணும்னா சொல்றேன், புகார் குடுங்க. இருபத்தி ரெண்டு வருஷத்துல ஒரு புகார் கூட இல்ல, ஒண்ணு இருக்கட்டும்.

இளம்பரிதி: சித்தப்பாவ இப்பவே உள்ள அனுப்பறேன்.

புஷ்பமேரி: அனுப்புங்க. மோட்டார நிறுத்த ஒரு ஆள் வேணும், எனக்கு ஸ்விட்சு எங்கன்னு தெரியல.

இளம்பரிதி: மரியாதையா சொல்லு. சரிதா எங்க?

புஷ்பமேரி: நீங்க கேட்ட பதில் ஒண்ணு பாக்கி இருக்கு சார். படிச்சுட்டுப் போயிடறேன். நாம பேச ஆரம்பிச்சு அம்பத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு, அதையும் குறிச்சுக்கறேன்.

இளம்பரிதி: எந்தப் பதில்?

புஷ்பமேரி: கேள்வி முப்பத்தி மூணு. வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா? உங்க வீட்டம்மா செல்விகிட்ட சொன்னது அப்படியே இருக்கு... 'அவர யாராச்சும் ஒரு அரை மணி நேரம் பேச வெச்சாப் போதும், நான் இந்த வீட்ட விட்டுப் போயிடுவேன்.'